முந்திக்கொள்ள வேண்டிய மருந்து

முதலில் சுண்டெலிக்கு ஊசி. சற்று நேரம் கழித்து, உயிரைக் குடிக்கும் அளவுக்குக் கதிர்வீச்சு. பிறகு 30 நாள் கூண்டுகளைப் பார்த்து, மிஞ்சிய உயிர்களை எண்ணுவார்கள். அமிஃபாஸ்டின் என்ற மருந்து இந்தக் கணக்கில் தேறி வந்தது.

அதன் மூதாதை சிஸ்டீன், நம் உடலிலேயே இருக்கும் அமினோ அமிலம். 1949இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் ஹார்வி பாட் குழுவினர் அதை எலிகளுக்குச் செலுத்திவிட்டு எக்ஸ் கதிர் பாய்ச்சினார்கள். பல எலிகள் பிழைத்தன. கதிர் பாய்ந்த பிறகு கொடுத்தபோதோ ஒரு பலனும் இல்லை.

காரணம் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர். கதிர் அதை உடைக்கும்போது பிறக்கும் ஹைட்ராக்சில் துணுக்குகளின் ஆயுள் நொடியில் லட்சத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதற்குள் டிஎன்ஏவைத் தாக்கிவிடும். சிஸ்டீன் போன்ற, கந்தகம் கொண்ட சேர்மங்கள் அவற்றை மடக்கும். அடிபட்ட டிஎன்ஏவுக்கு ஹைட்ரஜன் அணுவைத் தந்து சரிசெய்யவும் செய்யும். ஆனால் அந்தக் கணத்தில் அங்கே இருந்தாக வேண்டும்.

அணுகுண்டுப் பயம் உச்சத்தில் இருந்த காலம். அமெரிக்காவின் வால்ட்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனம் 4,000க்கும் மேற்பட்ட சேர்மங்களை விலங்குகளில் சோதிக்க வைத்தது. அவற்றில் தலைதூக்கிய டபிள்யூஆர்-2721தான் அமிஃபாஸ்டின். அதைச் செலுத்திய சுண்டெலிகள் வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேலான கதிரைத் தாங்கின. இருந்தும் போர்வீரனுக்கு அது உதவவில்லை. வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும், மாத்திரையாக விழுங்கினால் சரியாக வேலை செய்யாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குண்டு விழும் நேரத்தை எதிரி சொல்லிவிட்டுப் போடுவதில்லை.

நேரம் தெரிந்த ஓரிடம் உண்டு: புற்றுநோய் மருத்துவமனை. 1969இல் ஜான் யூஹாசும் ஸ்டோரரும் புற்றுக்கட்டி உள்ள சுண்டெலிகளில் இதைச் சோதித்தார்கள். நல்ல திசு காப்பாற்றப்பட்டது. கட்டிக்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவாகக் கிட்டவில்லை. மருந்தைச் செயல்பட வைக்கும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி நல்ல திசுவில் அதிகம் என்பது பிறகு சொல்லப்பட்ட முக்கிய விளக்கம். இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான்.

அமெரிக்காவில் 1995இல், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்திலிருந்து சிறுநீரகத்தைக் காக்க அமிஃபாஸ்டினுக்கு அனுமதி கிடைத்தது. 1999இல், தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை பெறுவோரின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் காக்க. உமிழ்நீர் வற்றினால் என்ன பெரிய துன்பம் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் ஊற்றித்தான் இறக்க வேண்டும். பேசும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டும். பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாகும். இரவில் தொண்டை காய்ந்து தூக்கம் கலையும். கதிர் தொடங்க 15 முதல் 30 நிமிடத்துக்கு முன் சிரையில் ஏற்றும் இந்த ஊசி அதைக் குறைக்கிறது, முழுவதும் தடுப்பதில்லை. செலுத்தும்போது நோயாளியைப் படுக்கவைத்து, ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முன்னறிவிப்பில்லாமல் கதிரில் சிக்குவோருக்காக 2015இல் அமெரிக்கா அனுமதித்த ஃபில்கிராஸ்டிம் வேறு வழியில் போகிறது. அதைக் கதிர் பட்ட பிறகு கொடுக்கலாம். பாழான எலும்பு மஜ்ஜையிலிருந்து வெள்ளணுக்கள் மீண்டும் பெருக உதவும். மனிதரைக் கதிரில் வைத்துச் சோதிப்பது அறமல்ல என்பதால், அதன் பலனுக்குக் குரங்குகளில் கிடைத்த முடிவையே சான்றாக ஏற்றார்கள்.