இலையில்லாச் செடியின் வரலாறு



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், பாசி படர்ந்த மரக்கவட்டில் துடைப்பம்போல் நின்ற பச்சைச் செடியை மாணவர்கள் காட்டினர். இலைக்குப் பதில் சிறு செதில்கள், வேரில்லை, மஞ்சள் மணிகளாய் ஸ்போர்ப்பைகள். சைலோட்டம்!

1753இல் லின்னேயஸ் இதனை லைக்கோபோடியம் பேரினத்தில் சேர்த்தார். 1917இல், ஸ்காட்லாந்தின் ரைனியில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழைமையுடைய இலையற்ற தாவரப் புதைபடிவங்கள் விவரிக்கப்பட்டன. தோற்ற ஒற்றுமையால், சைலோட்டம் அவற்றின் நேர்வாரிசு எனப் பலர் கருதினர். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பழைய நூலொன்றில் நானும் அவ்வாறே படித்தேன், அவ்வாறே கற்பித்தேன்.

2001இல் வெளிவந்த மரபணு ஆய்வோ இதனைப் பெரணிகளுடன் சேர்த்தது. இலையையும் வேரையும் இதன் முன்னோர் பின்னாளில் இழந்திருக்க வேண்டும். நிலத்தடித் தண்டில் வாழும் பூஞ்சையே வேரின் பணிக்குத் துணை.

எளிய தோற்றம் பழைமைக்குச் சான்றன்று. மறுநாள் வகுப்பில் என் பழைய பாடத்தை நானே திருத்தினேன்.