பெரட்டில் சொல்லாத வலி

பேனல் கிளினிக்கில் அந்த டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் எம்.சி. வேணும்?" எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கணினித் திரையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. நான் எம்.சி.க்காகப் போனவன் இல்லை. ஐந்து மாதமாக இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்புக்கு இடப்பக்கம், யாரோ ஒரு திருகாணியைத் தினமும் கால் சுற்று முறுக்குவதுபோல வலி. காலையில் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிய முடியவில்லை. அதைச் சொல்லத்தான் போனேன். இரண்டு நாள் எம்.சி.யும் ஒரு பாக்கெட் வலி மாத்திரையும் கையில் வந்தன. எம்.சி.யைக் கம்பெனியில் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் நினைத்தது உண்மையாகிவிடும் என்று ஒரு வீம்பு.

அதன்பிறகு ஓராண்டு எந்த டாக்டரிடமும் போகவில்லை. கோடாரித் தைலம் தேய்த்தேன். சுளுக்கு என்று சொல்லி உலக்கையை உருட்டினார்கள். கால் முன்னால் வந்து பிறந்த ஒரு தூரத்து அத்தையிடம் முதுகை மிதிக்கக் கொடுத்தேன். ஸ்கூடாயில் நான்கு வருஷம் இயந்திரப் பொறியியல் படித்தவன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அத்தையின் பாதத்துக்காகக் காத்திருந்த காட்சியை யாரும் படம் எடுக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம். மிதித்த அன்றைக்கு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டாக்டர் கேட்ட கேள்வியைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அந்தக் காலத்து டிரெசரும் இப்படித்தான்டா. வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே, 'என்ன, இன்னிக்கு வேல செய்யப் பிடிக்கலையா'ம்பாரு." பாட்டி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கும் மேல் பால்மரம் வெட்டியவர். காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தவர். முதுகுவலி இல்லாத நாளே தனக்கு ஞாபகம் இல்லை என்கிறார். ஆனால் முதுகுவலி என்று டிரெசரிடம் ஒருமுறைகூடப் போனதில்லை. "காய்ச்சல்னா போவோம். முதுகுன்னா எதக் காட்டுறது?"

எதைக் காட்டுவது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நான் பழைய கதைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மலாயாத் தோட்ட மருத்துவம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது பொய். 1900-இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடித்தே மலேரியாவை அடக்கிக் காட்டினார். அவரும் அவர் வழி வந்தவர்களும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக் கணக்கெடுத்தார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம் என்பதே அந்தத் தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்பதற்கு அளவுகோல். பொறியாளனாக எனக்கு அந்த முறை மிகவும் பிடித்திருக்கிறது. மலிவு, எளிது, திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம். நம் முன்னோர் பலர் பிழைத்துக் கிடந்ததற்கு அந்த வேலையும் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் கண்ணுக்கு அளக்கக்கூடியதுதான் தெரிந்தது. காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், வயிற்றுப்போக்கு, சாவு. முதுகுவலியில் ஆள் சாவதில்லை, தெர்மாமீட்டரும் ஏறுவதில்லை. அதோடு, பார்ப்பவர் யாருடைய ஆள் என்ற கேள்வியும் இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவமனை வசதி செய்து தரும் பொறுப்பை 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு முதலாளிகள்மேல் வைத்தது. நல்ல விதிதான். அதன் மறுபக்கம், டிரெசர் தோட்டத்தின் சம்பளக்காரர் ஆனார். பெரிய டாக்டர் எப்போதாவது வந்து போவார். அன்றாடம் மருந்து கொடுப்பவரும், ஆள் வேலைக்கு லாயக்கா இல்லையா என்று கிராணிக்குச் சொல்பவரும் ஒருவரே. விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுக்காவிட்டால் செக்ரோலில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. இந்த ஏற்பாட்டில் முதுகுவலிக்காரரை நோயாளியாகப் பார்ப்பதைவிடப் பாசாங்குக்காரராகப் பார்ப்பது எல்லாருக்கும் சுலபம். பாட்டி டிரெசரை வெறுக்கவில்லை. மாமாவுக்குக் காய்ச்சல் கண்டபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தவர் அதே டிரெசர்தான் என்கிறார். முதுகை மட்டும் அவரிடம் கொண்டுபோகவில்லை.

இது நம் தோட்டத்து ஏழைகளுக்கு மட்டும் நடந்ததென்று நினைத்திருந்தேன். பிறகுதான் இங்கிலாந்தின் 'ரயில்வே முதுகு' பற்றிப் படித்தேன்.

1830-இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் வந்தால் விபத்தும் வரும். விபத்தில் எலும்பு முறியாமல், ரத்தம் சிந்தாமல், தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனவர்கள் சில நாளிலோ வாரத்திலோ முதுகு வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது என்று வந்து நின்றார்கள். 1865-இல் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் விபத்தில் தப்பிய எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸுக்கும் பிறகு ரயிலில் உட்காரவே பயமாகிப்போனது. அடுத்த ஆண்டு, லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் இத்தகையவர்களைப் பற்றிய தன் விரிவுரைகளைப் புத்தகமாக்கினார். அவர் சொன்ன உவமை எனக்கு மறக்கவில்லை: குதிரை லாடக் காந்தத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அதன் காந்த சக்தி போய்விடுகிறது. அப்போது காந்தத்தில் என்ன மாறியது என்று நம் கண்ணுக்குத் தெரிகிறதா? முதுகுத் தண்டுக்கும் அப்படி நடக்கலாம் என்றார்.

நஷ்டஈடு வழக்குகள் குவிந்தன. இரண்டு பக்கமும் டாக்டர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். 1883-இல் ஹெர்பர்ட் பேஜ் என்ற அறுவை மருத்துவர் எரிக்சனை மறுத்துப் புத்தகம் எழுதினார். முதுகுத் தண்டில் காயமே இல்லை. பலருக்கு இது அதிர்ச்சியாலும் பயத்தாலும் வருவது என்பது அவர் வாதம். சிலருக்கு நஷ்டஈட்டு ஆசையும் சேர்ந்துகொள்கிறது என்றார். இதில் வேடிக்கை, அறிவியலாகப் பார்த்தால் பேஜ் சொன்னதில் நிறைய சரி. எரிக்சன் சொன்ன தண்டுவட அழற்சியை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் பேஜ் ஒரு ரயில்வே கம்பெனியின் மருத்துவர். வலியோடு நீதிமன்றத்துக்கு வந்தவனுக்கு அவர் வாதம் எப்படிக் கேட்டிருக்கும்? அவர் சரியாகச் சொல்லியிருந்தாலும் அவன் நம்பியிருக்க மாட்டான். நானும் நம்பியிருக்க மாட்டேன்.

1895-இல் ரொண்ட்ஜென் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். இனி முதுகும் பேசும் என்று எதிர்பார்ப்பு வந்தது. எலும்பு தெரிந்தது, வலி தெரியவில்லை. 1934-இல் போஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர், முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் வலி வருகிறது என்று காட்டினார்கள். அதற்குமுன் அந்தப் பிதுக்கத்தைக் கட்டி என்று நினைத்து வெட்டியெடுத்துக்கொண்டிருந்தார்கள். அது உண்மையான கண்டுபிடிப்பு. ஆனால் அதற்குப் பிறகு எல்லா முதுகுவலிக்கும் வட்டே குற்றவாளி ஆகிவிட்டது. உடைந்த பாகத்தைக் கண்டுபிடி, மாற்று. என் தொழிலும் அதுதான். கன்வேயர் அதிர்ந்தால் பேரிங்கைப் பார்ப்பேன்.

ஓராண்டு வீம்புக்குப் பிறகு நானும் கைக்காசைப் போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். கீழ் முதுகில் ஒரு வட்டு லேசாகப் பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. கார் நிறுத்துமிடத்திலேயே நின்று அதை மூன்று முறை வாசித்தேன். சந்தோஷமாக இருந்தது. நோய் இருக்கிறது என்பதற்கா சந்தோஷம் என்று கேட்கலாம். நான் பொய் சொல்லவில்லை என்பதற்குக் கிடைத்த சான்றிதழ் அல்லவா அது. எம்.சி. டாக்டரின் மேசையில் கொண்டுபோய்ப் போட வேண்டும்போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான். 1994-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்கள். அதில் 52 விழுக்காட்டினருக்கு ஒரு வட்டாவது பிதுங்கியிருந்தது. இன்னும் அதிகமாகத் துருத்திய வட்டு 27 விழுக்காட்டினருக்கு. ஒரு வலியும் இல்லாமல் நடமாடுகிறவர்கள்! அப்படியானால் என் பிதுக்கம் என் வலிக்குக் காரணமாகவும் இருக்கலாம், பக்கத்தில் சும்மா நிற்கும் ஆளாகவும் இருக்கலாம். என் சான்றிதழ் செல்லாது.

அதைவிட என்னை உறுத்தியது கிளாஸ்கோவின் எலும்பு மருத்துவர் கோர்டன் வாடெல் பற்றிப் படித்தது. 1980-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும், உடற்கோளாறால் மட்டும் விளக்க முடியாத சில அடையாளங்களைப் பட்டியலிட்டார்கள். தலையை லேசாக அழுத்தினால் இடுப்பு வலிக்கிறது என்பது ஒன்று. படுத்திருக்கும்போது தூக்க முடியாத காலை, கவனம் வேறெங்கோ இருக்கையில் சாதாரணமாக நீட்டிவிடுவது இன்னொன்று. வலியோடு மனத்துயரமும் கலந்திருக்கிறது, கவனித்துப் பாருங்கள் என்பதற்காக எழுதியது. காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் வழக்குகளுக்கும் அது நடிப்பைப் பிடிக்கும் பொறியாகிவிட்டது. அது அதற்கானதல்ல என்று வாடெலே 1998-இல் எழுத வேண்டியிருந்தது.

உறுத்தியதற்குக் காரணம், நான் நடித்திருக்கிறேன். எம்.ஆர்.ஐ.க்கு முன்னால் பார்த்த டாக்டர் குனியச் சொன்னபோது, என்னால் முழங்கால்வரை குனிய முடிந்தது, தொடையிலேயே நின்றுவிட்டேன். முகத்தையும் கொஞ்சம் சுளித்தேன். வலி பொய்யில்லை. முழுதாகக் குனிந்தால் நம்ப மாட்டார் என்று பயம். எதைக் காட்டுவது என்று பாட்டி கேட்டதற்கு என்னிடம் இருந்த பதில் அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு டாக்டரே வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் அதற்குத் தாத்தாவின் கதையையும் சொல்ல வேண்டும். 70-களில் அவருக்கும் முதுகுவலி. பாட்டியைப் போலவே அவரும் டிரெசரிடம் வாயைத் திறக்கவில்லை. தைலம், உருவல், கோயிலில் திருநீறு. சாயங்காலமானால் லேசான காய்ச்சல், உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் மரத்தடியில் கால் மடங்கி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் காசநோய் என்றார்கள். மாதக்கணக்கில் மருந்து. உயிர் பிழைத்தார், நடக்கவும் செய்தார். கூன் மட்டும் நிமிரவில்லை. முதுகுவலிகளில் மிகப் பெரும்பாலானவை என்னுடையதைப் போலக் காரணம் தெரியாதவை, தானாகவே தணிபவை. ஆனால் காய்ச்சலோடும் இளைப்போடும் வரும் வலியும், காலில் பலம் குறைவதும், அடிப்பகுதி மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமல் போவதும் வேறு ஜாதி. அத்தையின் பாதத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு அந்த வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு டாக்டர்தான் வேண்டும். தாத்தாவின் கூனை நினைக்கும்போதெல்லாம் நான் டிரெசரையும் திட்டுகிறேன், தாத்தாவையும் திட்டுகிறேன். யாரை அதிகம் என்று இன்னும் முடிவாகவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளி கட்டி அரசு கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம். இளம் பெண் டாக்டர். என் கம்பெனிக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது காத்திருப்பின் எரிச்சலைப் பாதியாகக் குறைத்தது. எங்கே என்று கேட்டார். தொட்டார். கால் பெருவிரலை மடக்கச் சொல்லி எதிர்த்து அழுத்திப் பார்த்தார். இரவில் வியர்க்கிறதா, எடை குறைந்ததா, குடும்பத்தில் யாருக்காவது காசநோய் உண்டா என்று கேட்டார். தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டார். நெஞ்சுக்கும் முதுகுக்கும் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னார். முடிவுகள் வந்தபின், "ஆபத்தானது எதுவும் இல்லை. ஏன் வலிக்கிறது என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை. படுத்தே இருக்காதீர்கள், வழக்கம்போல நடமாடுங்கள்" என்றார். ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்துச் செய்த 1995-ஆம் ஆண்டு ஆய்வும் இதையேதான் சொல்கிறது: படுத்திருந்தவர்களைவிட முடிந்த அளவு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொல்லி அதை நான் நம்பியது அதுதான் முதல்முறை. இந்தமுறை குனியச் சொன்னபோது முழங்கால்வரை குனிந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "தொட்டுப் பாத்தாளா?"

"பாத்தாங்க பாட்டி."

"எங்க?"

சட்டையைத் தூக்கித் திரும்பி உட்கார்ந்தேன். மரத்துப்போன விரல்களால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் அழுத்தினார்.

"இங்கயா?"

"இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ."