அமைதிக்குக் காவல் நின்ற மஹல்லாக்கள்

ஆரணி என்றவுடன் பட்டு நெய்யும் ஆரணியே பலருக்கும் நினைவுக்கு வரும். நாம் இங்கே குறிப்பிடுவது திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்கு அருகே ஆரணியாற்றின் கரையில் உள்ள பேரூர். அதற்கு வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள் அங்கே பெருந்தொகையினர். கிழக்கே பழவேற்காட்டில் பல தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. பல மொழியினரும் பல சமயத்தினரும் கலந்து வாழும் வட்டாரம் இது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் கொல்லப்படுகின்றனர் எனப் பொய்க் காணொளிகள் பரவின. அஞ்சியவர்களுள் பலர் ஊருக்கு இரயிலேறினர். பீகார் அரசு உண்மையறிய ஒரு குழுவை அனுப்பியது. தமிழ்நாடு காவல்துறை உடனே மறுப்பு வெளியிட்டு, உதவிக்குத் தொலைபேசி எண்களை அறிவித்து, தொழிலாளர்களை நேரில் கண்டு தைரியம் கூறியது. அபாயம் விலகியது. ஆயினும் ஒரு வினா நிற்கிறது. வதந்தி பிறந்த முதல் நாழிகையிலேயே அதை அணைக்க வல்லவர் யார்? இவ்வினாவுக்கு விடை காண நாம் மராட்டிய மாநிலத்தின் ஒரு நெசவு நகரத்துக்குச் செல்ல வேண்டும்.

தானா மாவட்டத்திலுள்ள பிவண்டி, விசைத்தறிகளின் நகரம். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த முஸ்லிம் நெசவாளர்களும், தெலுங்கு நாட்டிலிருந்து வந்த பத்மசாலியரும், உள்ளூர் மராட்டியரும் அடுத்தடுத்து வாழும் ஊர். 1970 மே 7ஆம் நாள் சிவாஜி ஜயந்தி ஊர்வலத்தின்போது அங்கே மூண்ட வகுப்புக் கலவரம் ஜல்காவுக்கும் மகாடுக்கும் பரவி, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. விசாரணை நடத்திய நீதிபதி மதன் கமிஷன் அளித்த அறிக்கையில், காவல்துறையினர் ஒருபக்கம் சாய்ந்து நடந்ததை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தது. எனினும் பாடம் கற்கப்படவில்லை. 1984 மே மாதத்தில் பிவண்டி மீண்டும் எரிந்தது. மும்பை, தானா ஆகியவற்றையும் சேர்த்து இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1988இல் அந்நகரின் காவல் துணை ஆணையராகப் பொறுப்பேற்ற சுரேஷ் கோப்டே புதிய வழி ஒன்றை மேற்கொண்டார். கலவரம் மூண்ட பின்னர் ஊர்ப் பிரமுகர்களை அழைத்துச் சமாதானக் குழு அமைப்பதே அதுவரை வழக்கம். பிரமுகர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வர். தெருவில் வாழ்பவனுக்கு அதனால் விளைந்த நன்மை குறைவு. கோப்டே அமைதி நிலவும் காலத்திலேயே மஹல்லாதோறும் குழுக்களை நிறுவினார். இந்துக்களும் முஸ்லிம்களும் சம அளவில், பெரும்பாலும் எளிய மக்களாகவே, அவற்றில் இடம்பெற்றனர். அவர்களோடு அந்தப் பகுதிக்குரிய காவலரும் அமர்ந்தார். அண்டை வீட்டுச் சச்சரவு போன்ற சில்லறைப் பிணக்குகளே அங்கே பேசப்பட்டன. சிறு வழக்குகளைக் கூடித் தீர்த்துப் பழகியவர்கள், பெரிய சோதனை வந்தபோது ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் நிலையில் இருந்தனர்.

அச்சோதனை 1992 டிசம்பரில் வந்தது. பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டதும் மும்பையில் இரு கட்டங்களாக நடந்த கலவரங்களில் சுமார் 900 பேர் மாண்டனர். இருமுறை எரிந்த பிவண்டியோ அம்முறை எரியவில்லை. இதைக் கண்ட மும்பையும் பின்னர் விழித்துக்கொண்டது. போலீஸ் கமிஷனர் சதீஷ் சாஹ்னி, ஓய்வுபெற்ற அதிகாரி ஜூலியோ ரிபைரோ, சமூகத் தொண்டர் சுஷோபா பார்வே முதலியோரின் முயற்சியால் அங்கும் மஹல்லா குழுக்கள் தோன்றின.

இந்த வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. 2006 ஜூலையில் பிவண்டியிலேயே, கபரஸ்தானை ஒட்டிய நிலத்தில் காவல்நிலையம் கட்டுவது குறித்துப் பிணக்கு மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தொடர்ந்து இரு காவலர்கள் கொல்லப்பட்டனர். நாள்தோறும் நீரூற்றாத செடி வாடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் தமிழகத்தின் துயரத்தையும் நாம் மறக்கலாகாது. கோவையில் 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14இல் தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். அப்பாவிகளைக் கொன்ற அக்கொடுமையை எந்தக் குறையும் நியாயப்படுத்தாது. ஆனால் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இரண்டரை மாதங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். வெந்த உள்ளங்களின் குறையைக் கேட்கவும், பழிவாங்கத் துடிப்போரைத் தனிமைப்படுத்தவும் கிடைத்த காலம் அது.

அரசு சமுதாயத்தை நாடும்போது எண்ணம் தூயதாக இருத்தல் வேண்டும். பிரிட்டனில் பிர்மிங்ஹாம் நகரத்தில் 2010இல், முஸ்லிம்கள் மிகுந்து வாழும் பகுதிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. அதற்கான பணம் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது என்பது வெளிப்பட்டதும் மக்கள் கொதித்தெழுந்தனர். கேமராக்கள் பயன்படுத்தப்படாமலே அகற்றப்பட்டன. உளவு பார்க்கும் கண்ணுக்கு எவரும் தம் வீட்டுக் கவலையைச் சொல்வதில்லை. தன் மகன் தீய கூட்டத்தில் சேர்கிறானோ என்று அஞ்சும் தாய், தன்னை மதிக்கும் ஒருவரிடமே வாய் திறப்பாள்.

மஹல்லா என்னும் சொல் நமக்குப் புதியதன்று. ஜமாஅத்தும் நமக்குப் புதியதன்று. திருமணத்தையும் மையித்தையும் கவனிக்கும் அந்த அமைப்பு, அடுத்த தெருக் கோயில் தர்மகர்த்தாவையும், தேவாலயத்தாரையும், தொழிலாளர்களின் மேஸ்திரியையும், வாடகை வீட்டுக்காரரையும், பகுதிக் காவலரையும் மாதம் ஒருமுறை ஒன்றாக அமரச் செய்தல் அரிதான காரியமா? வதந்தி பரவும் இரவில் இந்தி பேசத் தெரிந்த ஒருவர், ஏற்கெனவே அறிமுகமான முகத்தோடு, தொழிலாளர் குடியிருப்பின் கதவைத் தட்ட வேண்டும். இரு தரப்பும் முன்பே பழகியிருந்தால்தான் அக்கதவு திறக்கும். அரசு இதற்குத் துணை நிற்கட்டும். தொடக்கத்தை நாமே செய்வோம். ஆரணி வட்டாரத்தில் இன்று அமைதி நிலவுகிறது. பிவண்டி கற்பிக்கும் பாடத்தின்படி, வேலையைத் தொடங்குவதற்கு ஏற்ற காலம் அதுவே.