பலாத்துஷ் ஷுஹதா: இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு வயல்வெளி

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பிரான்ஸ் என்றதும் நமக்கு ஈபிள் கோபுரம்தான் ஞாபகம் வரும். அங்கு போய் வரும் நம்மவர்களும் பெரும்பாலும் அதன் முன்னால் நின்று எடுத்த படத்தோடுதான் திரும்பி வருகிறார்கள். பாரிஸிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தள்ளி, புவாத்தியே நகரத்துக்கும் ஷாத்தெல்ரோ என்ற ஊருக்கும் இடையில் ஒரு நாட்டுப்புறம் இருக்கிறது. சூரியகாந்தி வயல்கள், சோளக் காணிகள், வெள்ளைக் கல்லில் கட்டிய பழைய வீடுகள், அவசரமில்லாமல் ஓடும் இரண்டு ஆறுகள். ஒன்று க்ளான், மற்றது வியென். சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்தாமல் கடந்து போகும் பிரதேசம். நாங்கள் நிறுத்தினோம். காரணம், இஸ்லாமிய வரலாற்றுப் புத்தகங்களில் 'பலாத்துஷ் ஷுஹதா' என்று நாம் படிக்கும் இடம் இதுதான் என்று கருதப்படுகிறது.

சின்ன ஆறான க்ளான் புவாத்தியே நகரத்தைச் சுற்றி வளைந்து வடக்கே வந்து, ஷாத்தெல்ரோவுக்குச் சற்று முன்னால் வியென் ஆற்றோடு சேர்கிறது. கரையோரம் முழுக்க உயர்ந்த பொப்லர் மரங்கள். தண்ணீர் பச்சை நிறம். நம்ம மகாவலியோ களனியோ மழைக்காலத்தில் பாயும் வேகத்தை நினைத்துக் கொண்டு போனால் ஏமாற்றம்தான். ஓடுகிறதா, நிற்கிறதா என்று இரண்டு தரம் பார்க்க வேண்டும். ஆனால் ஆறுகள் சேரும் இடம் என்றால் அங்கே பாதையும் இருக்கும், சந்தையும் இருக்கும், சண்டையும் இருக்கும். இங்கும் அப்படித்தான்.

இரண்டும் சேரும் இடத்துக்கு அருகே 'பழைய புவாத்தியே' என்று ஓர் இடம். பெயரில் புவாத்தியே இருந்தாலும் நகரத்தோடு சேர்ந்ததல்ல. உரோமர் காலத்தில் ஒரு சிறு பட்டணம் அங்கு இருந்தது. அதன் நாடக அரங்கின் சுவர்த்துண்டு ஒன்று இன்றும் வயலுக்கு நடுவில் தனியாக உயர்ந்து நிற்கிறது. சற்றுத் தள்ளி ஒரு நெடுங்கல். ஆதி மனிதர் நாட்டிய கல்லில், பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து யாரோ எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். எழுத்து உரோம எழுத்து, மொழி கோலிய மொழி. ஃப்ரொன்ட்டு என்ற ஒருவர் செய்த அர்ப்பணிப்பு அது. அதிலுள்ள ஒரு சொல்லில் 'பாலம்' என்ற பொருள் இருப்பதாக ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். கோலிய மொழி செத்துப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. அதை எழுதிய கல் மட்டும் மழையில் நனைந்து கொண்டு நிற்கிறது.

அங்கிருந்து சில கிலோமீற்றர் தெற்கே, வூனோய் என்ற கிராமத்துக்கு உட்பட்ட சிறு குக்கிராமம் மூஸே-லா-பத்தாய். 'பத்தாய்' என்றால் யுத்தம். பழைய உரோமப் பாதை இதன் அருகால்தான் போகிறது. 'பலாத்' என்ற அரபுச் சொல்லுக்குக் கல் பாவிய பாதை என்றும் ஒரு பொருள் உண்டு. ஷுஹதாக்களின் கற்பாதை. பிற்கால அந்தலூஸிய வரலாற்றாசிரியர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது இந்த உரோமப் பாதையைத்தான் மனதில் வைத்திருந்தார்கள் என்பது பலருடைய கருத்து. யுத்தம் சரியாக இந்த வயலில்தான் நடந்தது என்று நிரூபிக்கும் தொல்பொருள் சான்று இதுவரை மண்ணிலிருந்து கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூர் நகரத்துக்குப் பக்கத்து இடங்களைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது அந்த வயலோரத்தில் ஒரு நினைவிடம் இருக்கிறது. பெரிய சதுரங்கப் பலகையைப் போல அமைத்து, யுத்தத்தின் கதையை விளக்கப் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெற்றித்தூணோ, வாளேந்திய சிலையோ இல்லை. நாங்கள் அங்கிருந்த முழு நேரத்திலும் கேட்டது தூரத்து உழவு இயந்திரச் சத்தம் ஒன்றுதான்.

கதைக்கு வருவோம். ஹிஜ்ரி 114 ரமழான், கிறிஸ்தவ ஆண்டு 732 ஒக்டோபர். அந்தலூஸின் ஆளுநர் அப்துர் ரஹ்மான் அல்-காபிகி, பிரனீஸ் மலையின் மேற்குப் பக்கத்தால் கடந்து, போர்தோவை எடுத்து, அக்கித்தேன் பிரபு ஓடோவின் படையைத் தோற்கடித்து, வடக்கே வந்தார். புவாத்தியே நகரச் சுவருக்கு வெளியே இருந்த சென் இலேர் தேவாலயம் எரிக்கப்பட்டது. அடுத்த இலக்கு தூர் நகரத்தில் புனித மார்ட்டினின் செல்வம் நிறைந்த தேவாலயம். அதற்கு முன்னால் ஃபிராங்க் தலைவர் சார்ள்ஸ் வழியை மறித்து நின்றார். ஏறத்தாழ ஏழு நாட்கள் இரு தரப்பும் ஒன்றையொன்று அளந்து பார்த்தன. பிறகு மோதல். அல்-காபிகி ஷஹீதானார். அடுத்த நாள் விடியலில் ஃபிராங்க் படை மீண்டும் அணிவகுத்து வந்து பார்த்தால், கூடாரங்கள் அப்படியே இருக்கின்றன, உள்ளே ஆட்கள் இல்லை. இரவோடு இரவாகப் படை தெற்கே திரும்பியிருந்தது.

இவ்வளவுதான் நடந்தது. மீதியெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஏற்றியது.

இந்த விவரங்களில் பெரும்பகுதி 754ஆம் ஆண்டளவில் முடிகிற ஒரு இலத்தீன் வரலாற்றுக் குறிப்பிலிருந்து கிடைக்கிறது. அதை எழுதியவர் அந்தலூஸில் முஸ்லிம் ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவர். யுத்தம் நடந்து 22 ஆண்டுகளுக்குள் எழுதியிருக்கிறார். சார்ள்ஸின் படையை அவர் 'ஐரோப்பியர்' என்று அழைக்கிறார். அந்தச் சொல் ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பெயராக வந்த மிகப் பழைய இடங்களில் இதுவும் ஒன்று.

ஃபிராங்க் பக்கத்திலும் ஒரு குறிப்பு உண்டு. அது வேறு கதை சொல்கிறது. முஸ்லிம் படையை அழைத்து வந்ததே ஓடோதான் என்கிறது. அந்தக் குறிப்பு யாருடைய ஆதரவில் எழுதப்பட்டது தெரியுமா? சார்ள்ஸின் சகோதரர் ஷில்டெப்ராண்டின் ஆதரவில். யுத்தத்துக்கு முந்திய ஆண்டுதான் சார்ள்ஸ் ஓடோவின் நாட்டுக்குள் புகுந்து கொள்ளையடித்திருந்தார். அதை நியாயப்படுத்த ஓடோவைத் துரோகி ஆக்க வேண்டிய தேவை இருந்தது. உயர்தர வகுப்பில் 'மூலாதாரங்களின் பக்கச்சார்பு' என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது, இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைப்பதில்லை.

ஓடோவின் கதை இன்னும் சுவையானது. 721இல் துலூஸ் நகரத்துக்கு வெளியே முஸ்லிம் படையைத் தோற்கடித்தவரும் இதே ஓடோதான். அந்தச் சண்டையில் ஆளுநர் அஸ்-ஸம்ஹ் இப்னு மாலிக் உயிரிழந்தார். பத்து வருடம் கூடக் கழியவில்லை, எல்லைப்புறத்தை ஆண்ட பர்பர் இனத் தளபதி முனூஸாவுக்குத் தன் மகளைக் கலியாணம் செய்து கொடுத்தார். முனூஸா ஏன் சம்மதித்தார்? வட ஆபிரிக்காவில் தன் இனத்தவர் மீது அரபு அதிகாரிகள் கொடுமை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தலூஸ் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பினார் என்று அந்த இலத்தீன் குறிப்பு சொல்கிறது. அல்-காபிகி முதலில் படை கொண்டு போனது அந்த முஸ்லிம் தளபதிக்கு எதிராகத்தான். முனூஸா மலையிடுக்கில் மாண்டார். ஓடோவின் மகள் திமிஷ்குக்கு, கலீபாவிடம் அனுப்பப்பட்டாள். தகப்பன் செய்த அரசியலுக்கு அந்தப் பெண் கொடுத்த விலையைப் பற்றி எந்தப் புத்தகமும் இரண்டாவது வரி எழுதவில்லை.

ஆக, ஒரு பக்கம் சிலுவை, மறு பக்கம் பிறை என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாத விவகாரம் இது. சில வருடம் கழித்து, புரொவான்ஸ் பிரபு மொரொந்துஸ் சார்ள்ஸுக்கு எதிராக முஸ்லிம்களோடு கூட்டுச் சேர்ந்து அவிஞ்ஞோன் நகரத்தின் கதவைத் திறந்து விட்டார். 737இல் அந்தப் பக்கம் வந்த சார்ள்ஸ், அவிஞ்ஞோனைப் பிடித்துவிட்டு, நீம், அக்த், பெசியே ஆகிய நகரங்களின் அரண்களை இடித்துத் தீயிட்டார். அவை கிறிஸ்தவர்கள் வாழ்ந்த நகரங்கள். நார்போன் நகரம் 759 வரை முஸ்லிம்களின் கையில் இருந்தது. புவாத்தியேயோடு எல்லாம் முடிந்தது என்று சொல்பவர்கள் இந்த 27 ஆண்டுகளை எங்கே வைக்கிறார்கள் என்று நமக்குப் புரிவதில்லை.

எண்ணிக்கை விளையாட்டையும் பாருங்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து எழுதிய இத்தாலியரான போல் என்ற பாதிரியார், இறந்த முஸ்லிம்கள் 375,000 பேர், ஃபிராங்குகள் 1,500 பேர் என்கிறார். அந்தப் பெரிய எண் முதலில் துலூஸ் சண்டையைப் பற்றிச் சொல்லப்பட்ட கதை. அவர் அதை எடுத்து இங்கே ஒட்டிவிட்டார். அவ்வளவு பேருக்கு அந்தக் காலத்தில் யார் சமைத்துப் போடுவது?

பெரிய கதையாக இது வளர்ந்தது முக்கியமாக 18, 19ஆம் நூற்றாண்டுகளில். அந்த யுத்தத்தின் முடிவு மாறியிருந்தால் ஒக்ஸ்போர்ட்டில் குர்ஆன் ஓதிக் கொடுத்திருப்பார்கள் என்று கிப்பன் எழுதினார். 1837இல் ஸ்டூபன் வரைந்த பிரமாண்டமான ஓவியம் வெர்ஸாய் மாளிகைக்குப் போனது. பாடப்புத்தகங்கள் அந்த ஓவியத்தை வரலாறாகவே பிள்ளைகளுக்குக் காட்டின.

விளைவு? 2012 ஒக்டோபரில், புவாத்தியேயில் கட்டிக் கொண்டிருந்த பள்ளிவாசலின் கூரையில் தீவிர வலதுசாரி இளைஞர்கள் ஏறி, 732 என்ற ஆண்டை எழுதிய பதாகையைத் தொங்கவிட்டார்கள். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சேர்ச்சில் ஜும்ஆவுக்கு வந்தவர்களைச் சுட்டவன், தன் துப்பாக்கியில் சார்ள்ஸ் மார்ட்டலின் பெயரை எழுதி வைத்திருந்தான். நியூசிலாந்தில் 51 பேரின் உயிர் போனது. அவர்களில் யாருக்கும் க்ளான் ஆற்றங்கரையில் நடந்த எதனோடும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. வட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகளைப் பார்த்துவிட்டு வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான், "சேர், அதுல நாங்க வென்டிருந்தா ஐரோப்பாவே எங்கடதானே?" 'நாங்க' என்று அவன் சொன்னதில்தான் நமக்கு யோசனை. நாங்க என்றால் யார் மகன்? அல்-காபிகியா, முனூஸாவா? கலீபாவிடம் அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணா? அவன் சிரித்தான். பின்வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும், "அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்த சேர்?" என்று கேட்டாள். அன்றைய பாடம் அதோடு வேறு பக்கம் போய்விட்டது.

சரி, ஊருக்குத் திரும்புவோம். மூஸேக்குப் போகிறவர்கள் பக்கத்திலிருக்கும் பினாயைப் பார்க்காமல் வரக்கூடாது. 1980 முதல் தேசிய இயற்கை ஒதுக்கிடம். பரப்பு 135 ஹெக்டயர். முழுக்கப் புதர் நிலம், அதற்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குளங்கள். ஒன்றும் இயற்கையாக வந்ததல்ல. மாவரைக்கும் ஆலைக்கல்லுக்கு ஏற்ற கடினமான பாறை அந்த மண்ணுக்கடியில் இருந்தது. மத்திய காலம் தொட்டு 19ஆம் நூற்றாண்டு வரை தொழிலாளர்கள் குழி தோண்டிக் கல்லை எடுத்தார்கள். கைவிட்ட குழிகளில் மழைநீர் நிறைந்தது. இன்று அதில் தும்பிகள், பூச்சி பிடித்துத் தின்னும் பனித்துளிச் செடி, பல்லியின் உருவமும் தவளையின் வாழ்க்கையும் கொண்ட நியூட் என்ற பிராணி. பச்சைப் பளிங்கு நிறத்தில் ஒரு வகையும், முதுகில் சேவல் கொண்டை போன்ற முகடு உள்ள இன்னொரு வகையும் இருக்கின்றன. வழக்கமாக ஒன்று தெற்குப் பக்கத்தது, மற்றது வடக்குப் பக்கத்தது. இரண்டின் எல்லையும் இந்தப் பக்கத்தில்தான் சந்திக்கிறது. ஒரே குளத்தில் இரண்டும் கலந்து பிறந்த கலப்பினமும் உண்டு.

நேரம் இருப்பவர்களுக்கு இன்னோர் ஊர். இது தூரம், தெற்கே நீம் நகரம். அங்கு வாகனத் தரிப்பிடம் கட்டுவதற்கு முன் அகழ்ந்தபோது மூன்று கப்றுகள் கிடைத்தன. 2016இல் ஆய்வு வெளியானது. மூவரும் வலப்பக்கம் சாய்ந்து, முகம் மக்காவின் திசையை நோக்கி அடக்கப்பட்டிருந்தார்கள். காலம் 7ஆம் நூற்றாண்டுக்கும் 9ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. மரபணுவைப் பார்த்தால் தகப்பன் வழி வட ஆபிரிக்கா. பெரும்பாலும் பர்பர்கள். முனூஸாவின் ஆட்கள். ஒருவர் இருபதுகளில் மௌத்தானவர், ஒருவருக்கு முப்பதளவு, மற்றவர் ஐம்பதைத் தாண்டியவர். எலும்புகளில் யுத்தக் காயம் ஒன்றும் இல்லை. அந்தக் கிறிஸ்தவ நகரத்தின் பழைய உரோம மதிலுக்கு உள்ளே, ஆறுதலாகக் குழி வெட்டி, கிப்லாவைக் கணித்து யாரோ அவர்களை அடக்கம் செய்திருக்கிறார்கள்.