சொற்போரும் சலமும்

பிறன் சொல்லுக்கு அவன் கருதாத பொருளைக் கற்பித்து மறுத்தலை நையாயிகர் சலம் என்பர். வாத்சியாயனர் நியாய பாடியத்தில் இதற்கோர் எடுத்துக்காட்டுத் தந்தனர். 'இவன் நவகம்பலன்' என்றான் ஒருவன். புதிய கம்பலம் உடையான் என்பது கருத்து. நவம் ஒன்பதையுங் குறித்தலின், எதிரி, 'இவனிடத்து உள்ளது ஒன்றன்றோ? ஒன்பது யாண்டுள?' என மறுத்தான். கம்பலம் புதிதோ பழையதோ என்பது ஆராயப்படாமலே கிடந்தது, அவையோர் நகைத்திருப்பர்.

இதனை நியாய நூல் முற்றும் விலக்கிற்றோ எனின், இல்லை. முளைக்கும் வித்தைக் காக்க முள்வேலி இடுதல்போல, மெய்த்துணிவைக் காத்தற்பொருட்டு, சலம் முதலியன விரவிய சற்பமும், தன் கோள் நிறுவாது பிறர் கோளை அழிக்கும் விதண்டையும் கொள்ளத்தகும் என்று கௌதம சூத்திரம் இடந்தந்தது. வித்தில்லா நிலத்துக்கும் வேலி கட்டுவார்க்கு இது வாய்ப்பாயிற்று.

கி.பி. 7-ஆம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் தருமகீர்த்தி வாதநியாயத்தில் இதனைக் கடிந்தனர். மெய்யைக் காக்கச் சலம் ஆகுமெனின், நகத்தாற் கீறலும், அறைதலும், படைக்கலத்தால் அடித்தலும், தீயிடலுங்கூட ஆகுமென்று சொல்லல் வேண்டும் என்பது அவர் வினாவின் கருத்து. பௌத்தர் கூற்றாயினும் இது கொள்ளற்பாலதே.

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அப்பௌத்தரையும் உள்ளிட்ட 14 மதங்களை எடுத்து, ஒவ்வொருவர் கோளையும் முன்னர் அவர் வாய்மொழியாகவே நிறுத்திப் பின்னரே மறுத்தனர். மறுதலையில் இடையிடையே எள்ளலும் உண்டு. அது காரணங்கூறலின் இடத்தைக் கவர்ந்துகொள்ளவில்லை.