நியூட்டனுக்கு வந்த வீட்டுக்கணக்கு

1693 நவம்பர் 22 அன்று சாமுவேல் பெப்பிஸ் ஐசக் நியூட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உள்ளே இருந்தது ஒரு பகடைக் கணக்கு. முதலாமவர் 6 பகடைகளை உருட்டி ஒரு ஆறாவது போட வேண்டும். இரண்டாமவர் 12 பகடைகளில் இரண்டு ஆறுகள், மூன்றாமவர் 18 பகடைகளில் மூன்று ஆறுகள். யாருக்கு வாய்ப்பு அதிகம்?

இன்று நிகழ்தகவு படிக்கும் மாணவர்களுக்குத் தெரிந்த கணக்குதான். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் படுவது கேட்டவர், கேட்ட விதம். பெப்பிஸ் சாதாரண ஆள் இல்லை. ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர்; நியூட்டனின் 'பிரின்சிபியா'வை அச்சிட அனுமதி தந்தது அவர் பெயரில்தான். ஆனால் இதே மனிதர் 29 வயதில், கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஒரு மாலுமியிடம் வாய்ப்பாடு கற்றுக்கொண்டவர். தெரியாததைக் கேட்க அவர் கூச்சப்பட்டதே இல்லை.

கேட்ட நேரம்தான் சரியில்லை. அந்தச் செப்டம்பரில் நியூட்டன் மனம் குலைந்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டு, இனி உங்களைப் பார்க்கவே போவதில்லை என்று பெப்பிஸுக்கே எழுதியிருந்தார். இரண்டு மாதம் கழித்து இந்தக் கணக்கு வருகிறது. நான்கே நாளில் பதில் போட்டுவிட்டார் நியூட்டன்.

பதிலில் அவர் முதலில் திருத்தியது கேள்வியைத்தான். 'ஒரு ஆறு' என்றால் சரியாக ஒன்றா, குறைந்தது ஒன்றா? குறைந்தது என்று வைத்துக்கொண்டால் முதலாமவருக்கே வாய்ப்பு அதிகம் என்றார். மூன்றாமவர்தான் ஜெயிப்பார் என நம்பியிருந்த பெப்பிஸுக்கு இது இடித்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. எனக்குப் புரியவில்லை, விளக்குங்கள் என்று திரும்ப எழுதினார். டிசம்பரில் முழுக் கணக்கும் வந்தது. 6 பகடைகள் விழும் வகைகள் 46,656. ஆறே விழாதவை 15,625. மீதி 31,031-இல் முதலாமவர் ஜெயிக்கிறார். அதாவது 1000-க்கு 665. இரண்டாமவருக்கு 619. மூன்றாமவருக்கு நான் போட்டுப் பார்த்தேன், 597. மூவருக்கும் ஆறுகளின் சராசரி முறையே 1, 2, 3 என்பதால் வாய்ப்பும் சமம் என்றுதான் மனசு சொல்லும். மனசு சொல்வது தப்பு.

இதோடு கதை முடியவில்லை. நியூட்டன் கணக்கோடு ஒரு எளிய காரணமும் சொல்லியிருந்தார்: முதலாமவர் ஒரு ஆறு விழுந்தாலே ஜெயிக்கிறார், இரண்டாமவர் ஒரு ஆறு விழுந்தும் தோற்கலாம். படித்தவுடன் புரிந்தமாதிரி இருக்கும். புள்ளியியல் வரலாற்றாசிரியர் ஸ்டீபன் ஸ்டிக்லர் 2006-இல் இதில் உள்ள ஓட்டையைக் காட்டினார். இந்தக் காரணத்தில் பகடை நேர்மையானதா என்ற பேச்சே இல்லை. ஆறு விழும் வாய்ப்பு பாதிக்குப் பாதி உள்ள கள்ளப் பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலாமவருக்கு 1000-க்கு 984, இரண்டாமவருக்கு 997. வரிசை தலைகீழ். காரணமோ அப்போதும் முதலாமவர் என்றே சொல்லும்.

நியூட்டனின் விடை சரி, கணக்கு சரி, சுருக்கமாகச் சொன்ன காரணம் மட்டும் தவறு. இப்போது இந்த வகைக் கணக்கைக் கைபேசியில் தட்டினால் விடையோடு சரளமான விளக்கமும் வந்துவிடுகிறது. விடையைச் சரிபார்ப்பது சுலபம். பத்து வரி நிரல் போதும். விளக்கத்தைச் சரிபார்க்க, கணக்கில் ஒன்றை மாற்றிப் போட்டு அது அப்போதும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் பெப்பிஸ் மாதிரி, எனக்கு இன்னும் புரியவில்லை என்று இரண்டாவது கடிதம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.