பழைய காருக்கு டயர்: பூவைப் பார்க்கும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள்

பந்திங் – ஆண்டுக்கு நான்கைந்து முறைதான் அந்தக் கார் கொட்டகையைவிட்டு வெளியே வரும். கல்யாணத்தன்று மணமக்களை ஏற்றிக்கொள்ள, தீபாவளிக்கு உறவினர் வீடுகளுக்குப் போய்வர, எப்போதாவது மோரிப் கடற்கரை வரை ஓட்டிப் பார்க்க. மற்ற நாட்களில் துணி போர்த்திய நிலையில் நிற்கும். அது தோட்டத்துக் கிராணியார் ஓட்டிய மோரிஸ் மைனராக இருக்கலாம். தாத்தா வாங்கிய மெர்சிடிஸ் அல்லது வால்வோவாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட கார்களின் இயந்திரத்துக்கும் சாயத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் உரிமையாளர்களில் பலர், டயரை மட்டும் கண்ணால் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். "பூ இன்னும் நிறைய இருக்கிறது" என்பதே அவர்கள் சொல்லும் காரணம். அதிகம் ஓடாத காரில் பூ தேயாது. ஆனால் ரப்பர் முதுமை அடையும். பழைய கார் டயரில் உள்ள ஆபத்து இதுதான்.

வயதை எப்படிப் படிப்பது?

டயரின் பக்கச்சுவரில் 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த தேதி. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. இந்த முழு வரிசை பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் காருக்கு அடியில் குனிந்து உட்பக்கம் பார்க்க வேண்டும். கடைசியில் மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதைச் சாலையில் ஓட்டக்கூடாது.

ஐந்து ஆண்டுகள் தாண்டிய டயரை ஆண்டுக்கொரு முறையாவது பட்டறையில் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டுகள் ஆனதை, பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது பெரிய டயர் நிறுவனங்கள் கூறும் அறிவுரை. நம் நாட்டுச் சட்டப்படி பூவின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்த அளவு தேய்மானத்தைக் காட்டுமே தவிர வயதைக் காட்டாது.

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படங்களின் நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30ஆம் தேதி கலிபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தார். நண்பர் ஓட்டிய போர்ஷே காரில் அவர் பயணியாக இருந்தார். அளவு மீறிய வேகமே முதன்மைக் காரணம் என்றது விசாரணை. அதோடு, அந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழையவை என்றும், அது காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்றும் விசாரணையாளர்கள் பதிவு செய்தார்கள். விலை உயர்ந்த பந்தயக் காருக்கே அந்த நிலை என்றால், மணமக்களும் குழந்தைகளும் ஏறும் பழைய காருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

பழைய அளவும் புதிய அளவும்

பழைய கார்களின் கையேட்டில் உள்ள டயர் எண்கள் இன்றைய கடைக்காரர்கள் பலருக்குப் புதிதாக இருக்கும். மோரிஸ் மைனரில் 5.00-14, பின்னாளில் 5.20-14, பீட்டலில் 5.60-15, 1959இல் வந்த மினியில் 5.20-10. முதல் எண் அங்குலக் கணக்கில் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் அளவு. இவை நூலடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும் பழைய அமைப்பு டயர்கள்.

அடுத்து வந்தவை ரேடியல் டயர்கள். மிச்செலின் நிறுவனம் 1946இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. 165 ஆர் 13 போன்ற எண்கள் ரேடியலைக் குறிப்பவை. இதில் 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச்சுவர் உயரம் எழுதப்படாவிட்டால் அது அகலத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு என்று கொள்ள வேண்டும். ஆகவே கடையில் 165/80 ஆர் 13 என்று கேட்கலாம்.

அமெரிக்காவின் 'மசில் கார்' எனப்படும் வேகக் கார்களில் வேறொரு கணக்கு உண்டு. 1964இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. பக்கச்சுவரில் சிவப்புக் கோடு போட்ட டயர்களுக்குப் பெயர் பெற்றது. 1960களின் இறுதியில் எஃப்70-14 போன்ற எண்கள் வந்தன. எஃப் என்ற எழுத்து சுமையின் அளவு, 70 என்பது பக்கச்சுவரின் விகிதம், 14 என்பது ரிம். இன்றைய அளவில் ஏறக்குறைய 215/70 ஆர் 14. அமெரிக்காவின் கோக்கர் டயர் போன்ற நிறுவனங்கள் பழைய அச்சில், புதிய ரப்பரில் இவற்றை இன்றும் செய்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் முதலில் கேட்க வேண்டியது தயாரிப்புத் தேதியைத்தான். கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 'புதிய' டயர் புதியதல்ல.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

டயரின் மொத்த உயரம் மாறக்கூடாது. மெர்சிடிஸ் டபிள்யூ123 காரில் 175 ஆர் 14க்குப் பதில் 195/70 ஆர் 14 போடலாம். உயர வேறுபாடு மிகக் குறைவு. அழகுக்காக 195/60 ஆர் 14 போட்டால் சக்கரம் சிறுத்துவிடும். மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும்.

ரேடியலையும் பழைய அமைப்பு டயரையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் பழைய அமைப்பு என்று போடுவது இன்னும் ஆபத்து. மழையில் வண்டியின் பின்பகுதி வழுக்கிச் சுழலும். நான்கையும் ஒரே வகையாக மாற்றுவதே நல்லது.

பழைய ரிம்கள் பல, டியூப் போட்டு ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. ஆணி அடித்த ரிம்மிலும் கம்பி ரிம்மிலும் டியூப் இல்லாமல் காற்று நிற்காது. ரேடியலுக்கு ஏற்ற டியூப்பா என்று கேட்டு வாங்க வேண்டும். ரிம்மின் உட்பக்கத் துருவையும் சுரண்டிவிட வேண்டும்.

காற்றழுத்தத்திலும் பலர் தவறுகிறார்கள். பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம். காருக்கு நிரப்ப வேண்டிய அளவு அல்ல. பழைய கையேட்டு அளவு பழைய அமைப்பு டயருக்கானது. ரேடியலுக்கு மாறினால் டயர் நிறுவனத்தின் அட்டவணையைக் கேட்க வேண்டும். காற்றை எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்.

வெள்ளை விளிம்பை எப்படிச் சுத்தம் செய்வது?

தொடக்கத்தில் டயர் முழுவதுமே வெளிர் நிறத்தில்தான் இருந்தது. துத்தநாக ஆக்சைடு கலந்த ரப்பரின் நிறம் அது. பிறகு கரித்தூள் கலந்தால் டயர் பல மடங்கு உழைக்கும் என்று கண்டறிந்தார்கள், டயர் கறுப்பானது. வெள்ளை விளிம்பு அழகுக்காகத் தங்கியது.

அந்த வெள்ளை சில மாதங்களில் பழுப்பாவதைப் பார்த்து, அழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அழுக்கு அல்ல. ரப்பர் வெடிக்காமல் காக்கச் சேர்த்த வேதிப்பொருள் உள்ளிருந்து மெல்ல வெளியே வந்து படிவதே அந்தப் பழுப்பு. கறுப்புப் பகுதியைச் சோப்பு நீரால் கழுவினால் போதும். அடிக்கடி கடுமையாகத் தேய்த்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

வெள்ளைப் பகுதிக்கு மென்மையான சோப்பு, நைலான் தூரிகை, நிறையத் தண்ணீர். கறை போகாவிட்டால் சோப்பு தடவிய மெல்லிய எஃகு நாரால் இலேசாகத் தேய்க்கலாம். புதிய டயரின் வெள்ளை விளிம்பில் நீல நிறப் பூச்சு இருந்தால் அது பாதுகாப்புப் படலம். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கரைந்துவிடும். செம்பனைக் குலை லோரிகள் போகும் தோட்டச் சாலையில் ஓட்டிவந்தால் எண்ணெய் கலந்த சேறு ஒட்டியிருக்கும். அது காயும் முன் கழுவிவிட வேண்டும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதையும் தொடவே கூடாது. அவை ரப்பரை ஊறவைத்துப் பலவீனமாக்கும். பளபளப்புக்காகப் பழைய இயந்திர எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ பூசும் வழக்கமும் வேண்டாம். மெருகு வேண்டுமானால் தண்ணீரில் கலந்த டயர் மெருகைப் பக்கச்சுவரில் மட்டும் பூசலாம். பூவின் மேல் பட்டால் சாலையில் வழுக்கும்.

நிற்கும் காருக்கும் பராமரிப்பு உண்டு. வெயில் படாத இடத்தில் நிறுத்த வேண்டும். வாரம் ஒருமுறை சிறிது தூரம் நகர்த்தினால் ஒரே இடம் தட்டையாகாது. மாதக்கணக்கில் ஓடாது என்றால் தாங்கிகள் வைத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தலாம்.

பால்மரத்திலிருந்து சாலைக்கு

1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளே இந்நாட்டு ரப்பர் தொழிலின் தொடக்கம். அதன் பிறகு கோல லங்காட், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் விடியலுக்கு முன் பால்மரம் சீவியவர்கள் நம் முன்னோர்கள். இன்று இங்கே பெரும்பாலும் செம்பனை. டயர் எதில் செய்யப்படுகிறது என்பதைப் பந்திங் வட்டாரத் தமிழருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ரப்பர் வெயிலிலும் காற்றிலும் காய்ந்து வெடிக்கும் என்பதைப் பால் வெட்டிய கைகள் அறியும்.

அடுத்த கல்யாணத்துக்குக் காரை வெளியே எடுக்கும் முன் ஐந்து நிமிடம் போதும். நான்கு டயர்களின் பிறந்த தேதியையும், உபரி டயரின் தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கச்சுவரிலும் பூவின் பள்ளங்களிலும் நகக்கீறல் போன்ற வெடிப்புகள் உண்டா என்று பாருங்கள். வீக்கம் தெரிந்தால் அந்தக் காரில் யாரையும் ஏற்றாமல் டயர் கடைக்காரரை வீட்டுக்கு அழையுங்கள்.